வைஃபை பெட்டிக்கு ஜரிகைச் சட்டை

எங்கள் வீட்டில் பாட்டு நடுநடுவே அறுந்து போனதற்கு யார் காரணம் என்று என் மகன் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறான். நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரைத் திட்டினான். பக்கத்து வீட்டு வைஃபையைத் திட்டினான். மழையைக்கூடத் திட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாம்பா, அதான், அதான்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காரணம் நான்தான். இதை எழுதுவதால் எனக்கு ஒரு கெடுதலும் வராது. அவன் புத்தகத்தைக் கையால் தொடுகிறவன் இல்லை.

என் வீட்டுக்காரர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாணத்துக்கும் வாசித்தார், சாவுக்கும் வாசித்தார், இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சட்டைதான். முன்பல் இரண்டு ஆடத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார். அவரோடு கடைசிவரை டிரம்பெட் வாசித்தவர் ஐயம்பேட்டைக்காரர். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அண்ணன் தம்பி மாதிரியே எந்நேரமும் சண்டை.

சண்டை ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருடமாக அதையே போட்டார்கள். ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையைக் காரில் உட்கார வைத்து, முன்னால் பேண்டு செட் வாசித்துக்கொண்டே பெண் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பெண் வீட்டுத் தெருவில் திரும்புகிற இடத்தில், பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது, யாரோ ஒருவர் கோட்டை விட்டுவிட்டார். பாட்டு வழுக்கி விழுந்தது. கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் மாலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாராம். "அது உன் டிரம்பெட்" என்பார் இவர். "அது உன் கிளாரினெட்" என்பார் அவர். எங்கள் மகன் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று இதைப் பேசியதில், சாப்பிட உட்கார்ந்தவர்கள் சாம்பாரே இல்லாமல் ரசத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்து சில வாரம் கழித்து, அந்தக் கல்யாண வீட்டார் பரண் ஒழித்ததில் ஒரு கேசட் அகப்பட்டது. மணப்பெண்ணின் தம்பி அன்றைக்கு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்து பதிவு செய்தது. டிரம்பெட்காரர் அதை வேட்டியில் முடிந்துகொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார்.

"சாட்சி கெடச்சிடுச்சுபா," என்றார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

என் மகன் யாரிடமோ ஒரு பழைய டேப்பை வாங்கி வந்து, கேசட்டை ஒரே ஒரு முறை ஓடவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினான். ஏறி முடித்ததும் நாடா அப்பளம் மாதிரி நொறுங்கிப்போனது. அதில் என்ன இருக்கிறது என்று யாருமே காது கொடுத்துக் கேட்கவில்லை. ஏற்றுவதற்கு வைத்துவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான். அவனுக்கு ஒரகடம் பக்கத்தில் ஷிஃப்டு வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வார ஓய்வுக்குத்தான் வீட்டுக்கு வருவான், வந்தால் தூங்குவான்.

அந்தக் கம்ப்யூட்டர் அவனுடைய பழைய லேப்டாப். திரை உடைந்தது, வாயும் செத்தது, அதிலிருந்து சத்தமே வராது. மாடி அறையில் அதை வைத்து, உலகத்தில் உள்ள பாட்டையெல்லாம் அதற்குள் போட்டிருக்கிறான். கீழே கூடத்தில் ஒரு ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவில் ஒயர் கிடையாது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் சுவரில் ஒரு பலகை, அதன்மேல் வைஃபை பெட்டி. மருமகள் போனில் விரலை வைத்தால், மாடியில் இருக்கிற பாட்டு அந்தப் பெட்டி வழியாக இறங்கி வந்து கூடத்தில் பாடும். என் மகன் இதை எனக்கு மூன்று முறை விளக்கினான். மூன்று முறையும் நான் வியந்தேன். நான் வியப்பது அவனுக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரம்பெட்காரர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார். முட்டி வலி, மாடி ஏற மாட்டார். இருவரும் ஸ்பீக்கருக்கு எதிரில், கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

"போடும்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

மருமகள் போட்டாள். கூட்ட இரைச்சல், ஒரு குழந்தை அழுகை, அப்புறம் டிரம். டிரம்பெட்காரர் முகம் மலர்ந்தது. "தோ, நான் வந்துட்டேன் பாரு!" என்றார். அவர் வந்த வேகத்தில் டக் என்று நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. விக்கல் எடுத்தவன் பேசுவது மாதிரி ஊர்வலம் நகர்ந்தது. எட்டு இடத்தில் நின்றது. எட்டாவது இடம்தான் அந்தத் திருப்பம். திரும்ப வந்தபோது பாட்டு இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்தது யார் என்பதை விழுங்கிவிட்டது.

டிரம்பெட்காரர் எழுந்து நின்றார். "அறுத்துட்டீங்க."

"யார் அறுத்தது?"

"உன் புள்ள கம்ப்யூட்டர் வேல தெரிஞ்சவன். கரெக்டா அந்த எடத்துல கத்தரி போட்டுக்கீறான்."

"இன்னும் ஏழு எடத்துல நின்னுதே, அதெல்லாம் யாரு கத்தரி?"

"அது சும்மாபா, சந்தேகம் வராம இருக்கறதுக்கு."

என் வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம வா. இதே எடம், இதே மிஷினு. ஒரு எடத்துல நிக்காது. தப்பு என்னுதுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

அந்த மீசையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் கழுத்தில் தாலி ஏறும்போது அது ஏற்கெனவே இருந்தது. கன்னம் வரை போய் மேலே திரும்பி நிற்கும். கறுப்பாக இருந்தபோது ஒரு எண்ணெய், நரைத்த பிறகு ஒரு எண்ணெய். பேண்டு செட் படங்களில் கிளாரினெட் தெரியாவிட்டாலும் மீசை தெரியும். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்த அன்றுகூட, நர்ஸம்மாவிடம் மீசைக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள் என்று கெஞ்சியவர்.

"அடுத்த வாரமும் அதே எடத்துல நின்னுச்சுன்னா," என்றார் டிரம்பெட்காரர், "நீ திருட்டுப் பய. மீச வச்ச திருட்டுப் பய. நான் இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமல் போனார். அவர் எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "திருடன்னுட்டாம்மா," என்றார்.

"மாமா, நான் அந்தப் பாட்ட என் போன்ல ஏத்திடறேன். நிக்காம பாடும்," என்றாள் மருமகள்.

"வாணாம்மா. போன்ல போட்டா, அங்க வெட்டி இங்க ஒட்டிட்டோம்னு சொல்லுவான். இதே மிஷின்லதான் பாடணும். அவன் வர்றவரைக்கும் யாரும் அந்தக் கேசட்டுப் பாட்ட தொடவும் கூடாது."

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் வைத்தியம் ஆரம்பமாயிற்று. என் மகன் போனில் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம்.

"மா, மோடத்துல லைட்டு எரியுதா பாரு."

நான் படியேறிப் போனேன். பெட்டியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். "எல்லாம் பச்சையா எரியுதுபா," என்றேன். சட்டையை இறக்கிவிட்டேன்.

"ஆஃப் பண்ணு. முப்பது எண்ணு. அப்புறம் ஆன் பண்ணு."

"எனக்கு இருபதுக்கு மேல வராதேபா."

"மா!"

"சரி சரி, பத்து பத்தா மூணு வாட்டி எண்றேன்."

எண்ணினேன். சட்டையைத் தூக்கி, பொத்தானை அழுத்தி, பச்சை வந்ததும் சட்டையை இறக்கி, நாடாவை இழுத்துக் கட்டினேன். எதற்கும் முடிச்சைச் சரியாகப் போட வேண்டும் எனக்கு.

சட்டை என்று எதைச் சொல்கிறேன் என்றால், அது நான் தைத்தது. ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். கிளாரினெட்டுக்கு, தையல் மிஷினுக்கு, மருமகளின் போன் ஸ்டாண்டுக்கு, இந்தப் பெட்டிக்கும்தான். அப்போதுதான் கவனித்தேன். மிக்ஸிக்கு உறை இருக்கிறது, கிரைண்டருக்கு உறை இருக்கிறது, டிவிக்கு லேஸ் வைத்த உறை இருக்கிறது. புதிதாக வந்த இது மட்டும் அம்மணமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் மருமகள் நெசவுக்காரர் வீடுகளில் புடவை எடுத்து, போனில் லைவ் போட்டு விற்கிறாள். தறியிலேயே பழுதாகிப்போன ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தித் துண்டை என்னிடம் கொடுத்திருந்தாள். முந்தி முழுக்க ஜரிகை. பட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கையில் எடுத்தால் கனக்கும். அதை இரண்டு மடிப்பாக வைத்து, நாலு பக்கமும் மூடுகிற மாதிரி தைத்து, கீழே இழுத்துக் கட்ட நாடாவும் வைத்தேன். மாட்டிப் பார்த்தால் வைஃபை பெட்டி கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது. பட்டு நெய்கிற இந்த ஊரில் குடத்துக்குக்கூடப் பட்டு சுற்றுகிறோம். பெட்டிக்குச் சுற்றினால் குற்றமா?

மகனிடம் மட்டும் சொல்லவில்லை. பெட்டிமேல் ஒன்றும் வைக்காதே, சூடாகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். சூடு என்றால் நான் அடுப்புச் சூடு பார்த்தவள். தொட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரிகூட இல்லை. அவன் வருகிற நாளில் சட்டையைக் கழற்றி மடித்து என் தலையணைக்குக் கீழே வைப்பேன். போனதும் மாட்டுவேன். பூஜைக்குப் பிறகு நெட் மெதுவாகிவிட்டது என்று மருமகள் அவ்வப்போது புலம்புவாள். புலம்பிவிட்டுப் போன் டேட்டாவில் வியாபாரத்தை நடத்துவாள். நான் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எதை எதோடு சேர்ப்பேன்?

திங்கள்கிழமை, ஸ்பீக்கர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருப்பதுதான் கோளாறு என்றான் மகன். மாமனாரும் மருமகளும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுவதும் சுற்றினார்கள். ஜன்னலடியில் கொஞ்ச நேரம், சாமி அலமாரிக்கு எதிரில் கொஞ்ச நேரம், வாசல்படியில் கொஞ்ச நேரம். எல்லா இடத்திலும் திக்கியது. பெருமாள் புறப்பாடு முடிந்து கோயிலுக்குத் திரும்புகிற மாதிரி கடைசியில் ஃப்ரிட்ஜ் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. நான் ஒரு கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டேன். இருவரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு வைஃபையும் நம்முடையதும் ஒரே வழியில் இடித்துக்கொள்கின்றன என்றான். மருமகள் போனில் எதையோ மாற்றினாள். திக்கியது. பாட்டுகளின் அளவு பெரியது, சின்னதாக்குகிறேன் என்றான். சின்னதாகத் திக்கியது.

புதன்கிழமை அவனே வந்தான். அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நான் ஓடிப்போய்ச் சட்டையைக் கழற்றினேன். அவன் கைகால் கழுவிவிட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் போட்டான். ஒன்று, இரண்டு, பத்து. பால் ஊற்றுகிற மாதிரி வழிந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஒரு கோளாறும் இல்லம்மா. நீங்கதான் இன்னாத்தையோ நோண்டிக்கினு இருக்கீங்க."

"நான் எத்தப்பா நோண்டப்போறேன்," என்றேன். அப்போது எனக்கு அது பொய் என்று தெரியாது. ஆகையால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை அவன் போனான். நான் சட்டையை மாட்டினேன். பாட்டு திக்கியது. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போனவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். "அவன் இருந்தா பாடுது. நான் இருந்தா திக்குது. இதுக்கும் என்னக் கண்டா ஆவல," என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர் மீசைக்கு எண்ணெய் வைப்பதையே மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது பார்த்தால், பல்லி ஒன்று சட்டைமேல் அசிங்கம் செய்து வைத்திருந்தது. ஜரிகையைச் சோப்பு போட்டு அலசக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மாடியில் நிழலில் உலர்த்தப் போட்டேன். கீழே என் வீட்டுக்காரர் வெறுத்துப்போய் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. போனது. போய்க்கொண்டே இருந்தது. முடிந்தும்விட்டது.

"இந்தா! இங்க வா! முழுசா பாடிடுச்சு!" என்று கத்தினார்.

நான் மாடிப்படியில் நின்று, அம்மணமாக இருந்த பெட்டியைப் பார்த்தேன். அப்புறம் போய் உலர்ந்தும் உலராத சட்டையைக் கொண்டுவந்து மாட்டினேன். அடுத்த பாட்டு நாலு வரி போனதும் டக். கழற்றினேன். ஓடியது. மாட்டினேன். டக். எனக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. இத்தனை நாள் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு பூனைகூடக் கிடையாது. இப்போது ஒரு பேண்டு செட்டே கேட்கிறது.

அன்று மத்தியானம் நான் செய்ததைச் சொல்லக் கூடாதுதான்.

"டீ எங்க?" என்று கீழேயிருந்து அதட்டல் வந்தது. சட்டையை மாட்டினேன். பாட்டு நின்றது. "அய்யய்யோ, மறுபடியும்..." என்றார். "டீ இருந்தா குடும்மா," என்று தணிந்து கேட்டார். கழற்றினேன். பாட்டு வந்தது. "நேத்து கொழம்புல உப்பே இல்ல" என்றார். மாட்டினேன். இப்படியே ஒரு மணி நேரம் ஓடியது. சாயங்காலம் அவர் மருமகளைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "கண்டுபிடிச்சிட்டேம்மா. இது சத்தம் போட்டா பாடாது. தன்மையா பேசணும்." பிறகு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய், "பாடுபா, நல்லா பாடு," என்று தட்டிக்கொடுத்தார்.

மருமகள் ஏமாறுகிறவள் இல்லை. நேராகப் படியேறி வந்தாள். நான் சட்டையும் கையுமாக அகப்பட்டேன்.

"அத்தை, இன்னாது இது?"

"பொட்டிக்குச் சொக்கா."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஜரிகன்னா இன்னா அத்தை? நூல் மேல சுத்தன வெள்ளிக் கம்பிதானே? ரெண்டு மடிப்பு வெள்ளிய சுத்தி வச்சா, உள்ள இருந்து அலை எப்படி வெளிய வரும்? ஒரு வாரமா உங்க புள்ள ஃப்ரிட்ஜத் திட்டிக்கினு இருக்கறாரு!"

"அவன்கிட்ட சொல்லாதம்மா."

அவள் நகத்தால் ஒரு இழையைச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தாள். வியாபாரி வியாபாரிதான். "சுத்தமான ஜரிக. நெசவுக்காரர் நம்மள ஏமாத்தல," என்று முதலில் அதற்குச் சந்தோஷப்பட்டாள். பிறகு சொன்னாள்: "சொல்ல மாட்டேன். ஆனா ஒரு மாசத்துக்கு லைவ் முடிஞ்சதும் பொடவைய எல்லாம் மடிக்கறது நீங்கதான்."

பேரம் பேச எனக்கு வழியில்லை.

கோளாறு தீர்ந்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை மருமகள் பார்சல் போடப் போனாள். போனை மேஜைமேல் விட்டுப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போயிருந்தார். யாரும் தொடக்கூடாது என்று அவர் சொன்ன பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலிருந்து மூன்றாவது. விரலை வைத்தேன்.

ஊர்வலம் வந்தது. டிரம், டிரம்பெட், நடுவில் இழைந்துகொண்டு கிளாரினெட். அவருடைய இருமலை எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு அந்தக் கிளாரினெட்டை எனக்குத் தெரியும். திருப்பம் வந்தது. டிரம்பெட் ஏறியது. கிளாரினெட்டும் கூடவே ஏறியது. ஏறியது, நனைந்த படியில் கால் வைத்த மாதிரி சறுக்கியது, கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, வாயை மூடிக்கொண்டது. இரண்டு தாளம் ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தில் டிரம்பெட் ஒரு நீள ஊதல் ஊதி மண்ணள்ளிப் போட்டு மூடியது. மாமா, மச்சான், குழந்தை குட்டியெல்லாம் சிரிப்பது கேட்டது.

இவர்தான். சந்தேகமே இல்லை. விழுந்தது இவர், தூக்கிவிட்டது அவர்.

போனை இருந்த இடத்தில் வைத்தேன். அன்று முழுவதும் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா அப்படிப் பாக்கற?" என்றார். "ஒண்ணுமில்ல, எண்ண வச்சிக்கங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரம்பெட்காரர் வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று தயங்கினார். "வாண்ணா," என்றேன். வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மீசை பளபளத்தது.

நான் மாடிப்படியில் நின்றேன். சட்டை என் இடுப்பில் செருகியிருந்தது. திருப்பம் வரும்போது ஒரு நிமிஷம் மாட்டினால் போதும், மீசை தப்பும். ஆனால் அவர் திருடனாவார், நண்பன் வாசல் மிதிக்க மாட்டார். மாட்டாவிட்டால் மீசை போகும், திருட்டுப் பட்டம் போகும். நண்பனை இழப்பதைவிட மீசையை இழப்பது மேல், அதனால்தான் நான் மாட்டவில்லை என்று பின்னால் மருமகளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். மெய்யான காரணம் வேறு. அந்த மீசைக்கு அடியில் என்ன முகம் இருக்கிறது என்று பார்க்க, கல்யாணமான நாள் முதலாக எனக்கு ஆசை.

பாட்டு நிற்காமல் ஓடியது. திருப்பம் வந்தது. சறுக்கியது. கீச்சென்றது. டிரம்பெட் தனியாக நீள ஊதியது. கூட்டம் சிரித்தது. ஊர்வலம் தெருவுக்குள் போய் முடிந்தது.

டிரம்பெட்காரர் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் குதிக்கவில்லை. நாற்பது வருடச் சண்டையில் ஜெயித்தவர் மாதிரியே இல்லை. தொண்டையைக் கனைத்தார்.

"ரீடு போயிருக்கும்பா," என்றார், கிளாரினெட்டின் வாயில் கட்டுகிற நாணல் பட்டையைச் சொல்லி. "அன்னிக்கு மழ வேற. நனைஞ்ச ரீடு அப்படித்தான் கீச்சுனு வுடும். உன் தப்பு இல்ல."

"ரீடு மேல பழி போடாத. ரீடு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான்."

"ரீடுன்றேன்ல?"

"நானுன்றேன்ல?"

"யோவ்," என்றார் டிரம்பெட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "தங்கச்சி நின்னுக்கினு இருக்குது. ரீடுன்னு சொல்லிட்டுப் போயேன்யா."

நான் இரண்டு படி இறங்கினேன். "தங்கச்சி நின்னா இன்னா?"

இருவரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் உதவிக்கு வரவில்லை.

"அது ஒண்ணுமில்ல," என்றார் என் வீட்டுக்காரர். "பொண்ணு வூட்டு வாசல்ல ஒரு தட்டு வந்துச்சு. ஜாங்கிரி. காலையில இருந்து சாப்புடல. தட்டப் பாத்துட்டேன். அவ்ளோதான்."

"தட்டு தானா நடந்து வந்துச்சா?"

"ஒரு பொண்ணு எடுத்தாந்துச்சு."

"இன்னா கலரு பொடவ?"

"கத்திரிப்பூ கலரு," என்றார் டிரம்பெட்காரர். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருமகள் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். கைக்குழந்தையும் நானும் வீட்டில். நாற்பது வருடம் இந்த மனிதர் யார் தப்பு, யார் தப்பு என்று தொண்டை கிழியக் கத்தியது எதை மூடுவதற்கு என்று எனக்குப் புரிந்தது. டிரம்பெட்காரரும் எத்தனை தடவை சண்டை போட்டாலும் கத்திரிப்பூ கலரை மட்டும் வெளியே விடாமல் காத்திருக்கிறார். நல்ல நண்பர்.

"சரி, ஜாங்கிரிதான்," என்றேன். "வாக்கு வாக்குதானே? சலூன் தெறந்துதான் இருக்குது."

"வாணாம் தங்கச்சி," என்று டிரம்பெட்காரர் எழுந்தார். "நான் சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். மீசயெல்லாம் எடுக்க வாணாம். அது இல்லாம அவன எப்படிப் பாக்கறது?"

"அதான் நானும் பாக்கணும்னு இருக்கறேன்."

என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே, "வாணாம்பா, நில்லுபா, கொஞ்சமா ஒதுக்கிக்க போதும்பா," என்று கெஞ்சிக்கொண்டு முட்டி வலிக்காரர் நொண்டி நொண்டிப் போனார். தெரு முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது.

முக்கால் மணி கழித்து வந்தார்கள். நான்தான் கதவருகில் நின்றேன். வாசலில் என் பெரிய நாத்தனார் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். அதே கன்னம், அதே நீள மூக்கடி, அதே கோபித்துக்கொண்ட மேலுதடு.

"வாங்கக்கா," என்றேன். "எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல."

டிரம்பெட்காரர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். மருமகள் டீ கொண்டுவந்தாள். இந்த முறை அவர் இரண்டு டம்ளர் குடித்தார். என் வீட்டுக்காரர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ குடிப்பதற்காகத் துண்டை இறக்க வேண்டியதாயிற்று. நான் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெய்யாவே ஜாங்கிரியத்தான் பாத்தீங்களா?"

"சத்தியமா ஜாங்கிரிதான்," என்றார்.

அவர் மேலுதட்டின் இடது ஓரம் மெல்லத் துடித்தது. ஒரே ஒரு துடிப்பு. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"போன தீபாவளிக்கு உங்க தங்கச்சிக்குப் பொடவ எடுத்துக் குடுக்கலன்னீங்களே, மெய்தானா?"

"மெய்தான்."

துடித்தது.

டம்ளரைக் கீழே வைக்கச் சொன்னேன். மீசை மறுபடி வளர்ந்து வர இரண்டு மாதமாவது ஆகும் என்று சலூன்காரர் சொன்னாராம். இரண்டு மாதம் எனக்குப் போதாது. நாற்பத்து மூன்று வருடத்துக் கேள்விகள் இருக்கின்றன. முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.